கேட்காமலே வைக்கப்படும் புட்டி: அமெரிக்க மகப்பேற்றுப் பிரிவுகளும் கறுப்பினத் தாய்மாரின் தாய்ப்பாலும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மகள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. “கறுப்பினத் தாய்மார்கள் எப்படியும் தாய்ப்பால் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே, தொட்டிலின் இழுப்பறையில் புட்டியை வைத்துவிடு” என்று உடன் பணியாற்றும் மூத்தவர் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். இது உண்மைதானா, அந்தச் சமூகத்தின் பழக்கமே அப்படியா, அல்லது மருத்துவமனைக்கும் இதில் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவமனைக்குப் பங்கு உண்டு, பெரிய பங்கு. அந்த மூத்தவர் சொன்னதில் ஒரு புள்ளிவிவர உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார். “கொடுக்க மாட்டார்கள்” என்பதால் புட்டி வைக்கப்படுகிறது என்று அவர் நினைக்கிறார். புட்டி வைக்கப்படுவதாலேயே பலர் கொடுக்க முடியாமல் போகிறார்கள் என்பதைத்தான் கடந்த முப்பது ஆண்டு அனுபவம் காட்டுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட விவரப்படி, ஒரு முறையேனும் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் வெள்ளையினத்தில் 85.9 சதவீதம், கறுப்பினத்தில் 69.4 சதவீதம். மூன்று மாத வயதில் அது முறையே 72.7, 58.0 என்று ஆகிறது. ஆறு மாதத்தில் 62.0, 44.7. இந்த ஆறு எண்களையும் சற்று நிதானமாகப் பாருங்கள். ஆறு மாதத்தில் இருக்கும் இடைவெளி 17.3 புள்ளிகள், அதில் 16.5 புள்ளி தொடக்கத்திலேயே இருக்கிறது. அதாவது, ஆறாம் மாதத்தில் நாம் காணும் ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி, தாயும் சேயும் மருத்துவமனை வாசலைத் தாண்டும் முன்பே உருவாகிவிடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் இந்த எண்களுக்குள் இருக்கிறது: தொடங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்று மாதம்வரை தொடர்ந்தவர்கள் இரு இனத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு 84, 85 பேர்தான். தொடங்கிவிட்ட கறுப்பினத் தாய் முதல் மூன்று மாதம் யாருக்கும் சளைக்காமல் கொடுக்கிறாள். விருப்பமே இல்லாத ஒரு சமூகத்தின் கணக்கு இப்படி இருக்காது. அதற்குப் பிறகு ஏன் மறுபடியும் விலகல் வருகிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

2019ஆம் ஆண்டின் பிறப்புச் சான்றிதழ்களிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கிலும் இதே சாயல் உண்டு: நாடு முழுவதும் தாய்ப்பால் தொடங்கியவர்கள் 84.1 சதவீதம், ஆசிய வம்சாவளித் தாய்மாரிடையே 90.3, கறுப்பினத் தாய்மாரிடையே 73.6.

“பழக்கம்” என்ற விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவிலோ கரீபியத் தீவுகளிலோ பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினப் பெண்கள், அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினப் பெண்களைவிடக் கூடுதலாகவே தாய்ப்பால் கொடுக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஆகவே இதை இனத்தின் இயல்பு என்று சொல்ல வழியில்லை. அமெரிக்க மண்ணில் அந்தச் சமூகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையே கேட்க வேண்டியிருக்கிறது. அடிமைக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் தங்கள் குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டு எசமானின் குழந்தைக்குப் பால் கொடுக்க வைக்கப்பட்டார்கள் என்பது வரலாறு. அந்த வடு சில குடும்பங்களில் தாய்ப்பாலோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் பால்மாவு விளம்பரம் வந்தது.

அந்த விளம்பரத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்வை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஒரு மகப்பேற்றுப் பிரிவுக்குள்ளேயே நடந்தது. 1946 மே 23ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் ரீட்ஸ்வில் ஊரில் இருந்த ஆனி பென் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கியிருந்த பகுதியில், ஆனி மே ஃபுல்ட்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் நான்கு பெண் குழந்தைகள் பிறந்தன. உருவம் ஒத்த கறுப்பின நால்வர் பிழைத்து வளர்ந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு அது. பிரசவம் பார்த்த வெள்ளையின மருத்துவர் ஃபிரெட் கிளென்னர், தாயைக் கேட்காமல், நால்வருக்கும் “மேரி” என்று தொடங்கும் பெயர்களை, தம் குடும்பத்துப் பெண்களின் பெயரைச் சேர்த்துத் தாமே வைத்தார். பால் நிறுவனங்களோடு பேரம் பேசினார். டப்பாப் பால் தயாரித்த பெட் மில்க் நிறுவனம் அந்தக் குழந்தைகளைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. பதிலுக்கு மருத்துவச் செலவும் உணவும் ஒரு சிறு நிலமும் தருவதாக ஏற்பாடு. நான்கு சிறுமிகளின் புன்னகை கறுப்பின வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, டப்பாப் பாலோடு. மருத்துவர் முடிவெடுக்கிறார், நிறுவனம் பொருள் தருகிறது, தாயின் சொல் எங்கும் பதிவாகவில்லை. உங்கள் மகளிடம் சொல்லப்பட்ட அந்த அறிவுரையைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கீழ்த்தளம்தான்.

இனி பிரிவுக்குள் வருவோம். மருத்துவமனை வழக்கம் என்று சொல்லும்போது பெரிய கொள்கை எதையும் நினைக்க வேண்டாம். மிகச் சிறிய, அன்றாடச் செயல்களைத்தான் சொல்கிறேன். குழந்தை பிறந்ததும் துடைத்துத் தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைக்கிறார்களா, அல்லது எடை பார்க்கவும் குளிப்பாட்டவும் தூக்கிக்கொண்டு போகிறார்களா. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் வாய் வைக்க விடுகிறார்களா. இரவில் குழந்தை தாயின் கட்டிலருகே கிடக்கிறதா, நர்சரியில் கிடக்கிறதா. அழுதால் சூப்பான் கொடுக்கிறார்களா. மருத்துவக் காரணம் இல்லாமல் பால்மாவு கொடுக்கிறார்களா. வீட்டுக்குப் போனபின் பால் கட்டினாலோ காம்பு புண்ணானாலோ யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி எண்ணையாவது எழுதித் தருகிறார்களா. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் இவற்றைப் பத்துப் படிகளாகத் தொகுத்தன. 1991இல் அவற்றின் அடிப்படையில் “குழந்தை நேய மருத்துவமனை” என்ற அங்கீகாரத் திட்டம் தொடங்கியது. 2018இல் படிகள் திருத்தி எழுதப்பட்டன.

இவ்வளவு சிறிய செயல்கள் மாதக்கணக்கில் நீளும் தாய்ப்பாலை எப்படிப் பாதிக்கும் என்று கேட்கலாம். இரண்டாம் இரவை நினைத்துப் பாருங்கள். செவிலியர்கள் எல்லோருக்கும் அந்த இரவு தெரியும். முதல் நாள் பெரும்பாலும் உறங்கிக் கழித்த குழந்தை, இரண்டாம் இரவில் விழித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மார்பைத் தேடி அழுகிறது. தாய்க்கு அறுவை சிகிச்சைத் தையல் வலிக்கிறது. மார்பு இன்னும் மென்மையாகவே இருக்கிறது. அழுத்தினால் மஞ்சள் நிறத்தில் இரண்டு சொட்டு சீம்பால் வருகிறது. “எனக்குப் பால் இல்லை” என்று அவள் சொல்கிறாள். உண்மையில் அவள் உடல் சரியாகத்தான் இயங்குகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியபின் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து, பால் பெருகுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அறுவை சிகிச்சையானால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை முதல் நாளில் ஒரு முறைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர், அடுத்த நாள் 5 முதல் 15 மில்லிலிட்டர். சீம்பால் அதற்குப் போதும். அந்த இடைவிடாத சப்பல்தான் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைத் தூண்டிப் பால் பெருக உதவுகிறது.

அந்த நேரத்தில் இழுப்பறை திறக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கென வரும் தயார்நிலைப் பால்புட்டி 2 அவுன்ஸ், அதாவது 59 மில்லிலிட்டர். பத்து மில்லிலிட்டர் வேண்டிய வயிற்றுக்கு அது பல மடங்கு. குழந்தை அதில் பாதியைக் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கும். அறையில் எல்லோருக்கும் நிம்மதி. தாய் என்ன கற்றுக்கொள்கிறாள்? தன் பாலால் அடங்காத பசி புட்டியால் அடங்கியது என்று. மார்பு என்ன கற்றுக்கொள்கிறது? அந்த நான்கு மணி நேரம் கேட்பார் இல்லை என்று. பால் தேவைக்கேற்பச் சுரப்பது; கேட்கப்படாத பால் குறையும். மறுநாள் இன்னொரு புட்டி, வீட்டுக்குப் புறப்படும்போது பரிசுப் பையில் ஒரு டப்பா, இரண்டாம் வாரம் “பால் வற்றிவிட்டது” என்ற முடிவு. இதில் எந்தக் கட்டத்திலும் அவள் தாய்ப்பால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது உண்டு; சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். தாய்ப்பாலுக்கு முன் வேறெதையும் கொடுக்க வேண்டாம் என்று பல ஆண்டுகளாக நம் சுகாதாரப் பணியாளர்கள் பாட்டிகளிடம் மன்றாடி வருகிறார்கள். அங்கே அதே தவறைச் செய்வது பாட்டி இல்லை, நிறுவனம். அதனால்தான் அது பழக்கம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தாய்ப்பால் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு மேல் கொடுக்க எண்ணியிருந்த அமெரிக்கத் தாய்மாரை மட்டும் வைத்து 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் மணி நேரத்தில் தொடங்குவது, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, தாயோடு ஒரே அறையில் வைப்பது, கேட்கும்போதெல்லாம் கொடுப்பது, சூப்பான் தராமலிருப்பது, உதவிக்கு யாரை நாடலாம் என்று சொல்லி அனுப்புவது ஆகிய ஆறும் கிடைத்தவர்களோடு ஒப்பிட, ஒன்றும் கிடைக்காதவர்கள் ஆறு வாரத்துக்குள் நிறுத்திவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 13 மடங்கு. இது சோதனை முறை ஆய்வு இல்லை, ஆகவே அந்த 13ஐ அப்படியே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீங்கள் சொன்னால் அது நியாயமே. அதற்கு பெலாரஸ் நாட்டில் நடந்த சோதனை விடை சொல்கிறது. 31 மருத்துவமனைகளும் அவற்றோடு இணைந்த மருத்துவகங்களும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன; 17,046 தாய்சேய் இணைகள்; ஒரு பிரிவில் மட்டும் வழக்கங்கள் மாற்றப்பட்டன. 2001இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் மாற்றம் நடந்த இடத்தில் 43.3 சதவீதம், பழையபடி இருந்த இடத்தில் 6.4 சதவீதம். ஓராண்டு முடிவில் ஏதேனும் தாய்ப்பால் பெற்றவர்கள் 19.7க்கு 11.4. மருத்துவமனையில் செய்தது ஓராண்டுக்குப் பிறகும் தெரிகிறது.

வழக்கம் இவ்வளவு முக்கியம் என்றால், அடுத்த கேள்வி அந்த நல்ல வழக்கம் யாருக்குக் கிடைக்கிறது என்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 முதல் எல்லா மகப்பேற்று மருத்துவமனைகளிடமும் இவ்வழக்கங்களைப் பற்றிக் கேட்டு வருகிறது. 2011ஆம் ஆண்டின் பதில்களை அஞ்சல் குறியீட்டெண் வாரியாக மக்கள்தொகையோடு பொருத்திப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் 12.2 சதவீதத்துக்கு மேல் வாழும் பகுதி ஒரு பக்கம், அதற்குக் குறைவான பகுதி மறுபக்கம். பிறந்த உடனே தாய்ப்பாலைத் தொடங்கிவைக்கும் வழக்கம் முன்னதில் 46.0 சதவீத மருத்துவமனைகளில், பின்னதில் 59.9 சதவீத மருத்துவமனைகளில். தாயும் சேயும் ஒரே அறையில் இருப்பது 27.7க்கு 39.4. தேவையில்லாமல் பால்மாவு தராமலிருப்பது 13.1க்கு 25.8, அதாவது பாதி. கேட்கப்பட்ட பத்து வழக்கங்களில் ஐந்தில் கறுப்பினப் பகுதி மருத்துவமனைகள் பின்தங்கியிருந்தன. இது மருத்துவமனை இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர அங்கே பிரசவித்த ஒவ்வொரு தாயின் இனத்தையும் சொல்லவில்லை என்பது இதன் வரம்பு. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கறுப்பினத்தவர் குறைவான பகுதியிலும் பால்மாவைக் கட்டுப்படுத்தியவை நான்கில் ஒன்றுதான். ஒட்டுமொத்தமாகவே வழக்கம் கெட்டிருந்தது. கறுப்பினத் தாய்க்குக் கிடைத்தது அதிலும் மோசமான பங்கு.

தாய்மார் அளவிலேயே பார்த்த ஆய்வும் உண்டு. 2016இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியானது, 1,636 தாய்மார். அதில் மருத்துவமனையிலேயே பால்மாவு கொடுக்கப்படும் வாய்ப்பு வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்பது மடங்காக இருந்தது. இரு இனத்துக்கும் இடையே தாய்ப்பால் நீடிக்கும் காலத்தில் இருந்த வேறுபாட்டை விளக்கிய முக்கியக் காரணிகளில் அந்தப் பால்மாவும் ஒன்று. வறுமையும் கல்வியும் குடும்பத்தில் முன்பு யாரேனும் தாய்ப்பால் கொடுத்தார்களா என்பதும் சேர்ந்தே வந்தன. தாயே கேட்டுத்தான் கொடுத்திருப்பார்கள் என்று வாதிடலாம், சில நேரம் அப்படித்தான். ஆனால் இரண்டாம் இரவில் கேட்கப்படும் புட்டி எப்படிப்பட்ட கேள்வி என்பதை மேலே சொல்லிவிட்டேன். அவள் உண்மையில் கேட்பது உதவி. அந்த உதவி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் வாயைச் சரியாகப் பொருத்திக் காட்டும் இருபது நிமிடமாகவும், இன்னொருத்திக்கு ஒரு புட்டியாகவும் வருகிறது. யாருக்கு எது என்பதை “இவள் கொடுக்கப் போவதில்லை” என்ற முன்முடிவு தீர்மானிக்கிறது. பயிற்சி பெற்ற தாய்ப்பால் ஆலோசகர்களில் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர் என்பதும் இதோடு சேர்கிறது.

மற்ற இனங்களின் கதை இதே அச்சில் வார்த்தது இல்லை. மேற்சொன்ன ஆய்வில் ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரே அதிகமாக, 91 சதவீதம், தொடங்கினார்கள். ஆனால் அவர்களிடையே “லாஸ் தோஸ்”, அதாவது “இரண்டும்” என்று ஒரு சொல் உண்டு: தாய்ப்பாலும் வேண்டும், புட்டியும் வேண்டும். இரண்டும் கொடுத்தால் குழந்தைக்கு இரட்டிப்பு நன்மை என்ற அன்பு அதில் இருக்கிறது. தொடக்கக் கணக்கு உயர்வாகவே இருக்கும். மருத்துவமனை முதல் நாளிலேயே “இரண்டையும்” கொடுத்துவிட்டால் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் காலம் சரியும். “தொடங்கினார்” என்ற ஒரே எண்ணை வைத்து ஒரு மருத்துவமனையை மதிப்பிடுவது இதனால்தான் போதாது.

வழக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் நகரம் நல்ல சான்று. ஏழைகளும் குடியேறிகளும் கறுப்பினத்தவரும் மிகுதியாக வரும் பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் 1995இல் தாய்ப்பால் தொடங்கியவர்கள் 58 சதவீதம். பத்துப் படிகளையும் ஒவ்வொன்றாக நடைமுறைப்படுத்தினார்கள். மிகக் கடினமான படி, இலவசமாக வந்துகொண்டிருந்த பால்மாவை நிறுத்தி, மற்ற பொருட்களைப் போல விலை கொடுத்து வாங்குவது; இலவசமாகக் குவிந்து கிடக்கும் பொருளை யாரும் எண்ணிப் பார்த்துக் கொடுப்பதில்லை என்பதை அனுபவம் உள்ளவர்கள் அறிவார்கள். 1999இல் தொடக்கம் 86.5 சதவீதம் ஆயிற்று. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரை மட்டும் தனியே எடுத்தால் 34 சதவீதத்திலிருந்து 74 சதவீதம். நான்கே ஆண்டில் ஒரு சமூகத்தின் பண்பாடு தலைகீழாக மாறிவிடாது. மாறியது பிரிவின் நடைமுறை.

பாஸ்டன் வட மாநிலத்தில் இருக்கிறது, தெற்கு வேறு என்று சொல்பவர்களுக்கு அடுத்த சான்று உங்கள் மகள் இருக்கும் மாநிலத்தையும் தொட்டது. 2014 முதல் 2017 வரை மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, டெக்சஸ் மாநிலங்களின் 33 மருத்துவமனைகள், இந்த வழக்கங்களை மாற்ற உதவும் “சாம்ப்ஸ்” என்ற திட்டத்தில் சேர்ந்தன. திட்டம் தொடங்கியபோது மிசிசிப்பியில் குழந்தை நேய அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. மருத்துவமனைகள் மாதந்தோறும் இன வாரியாகக் கணக்கு அனுப்பின. இந்தக் கணக்குதான் திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. ஒட்டுமொத்த சராசரிக்குள் ஒளிந்துகொள்ள அது யாரையும் விடாது. சுமார் இரண்டரை ஆண்டில் எல்லாத் தாய்மாருக்குமான தொடக்கம் 66இலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தது. கறுப்பினக் குழந்தைகளிடையே 46இலிருந்து 63 ஆயிற்று. அவர்களிடையே தாய்ப்பால் மட்டுமே பெறுவது 19இலிருந்து 31 ஆயிற்று. கறுப்பினத்துக்கும் வெள்ளையினத்துக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த இடைவெளி 9.6 புள்ளிகள் சுருங்கியது. தோலோடு தோல் வைப்பதும் ஒரே அறையில் வைப்பதும் எங்கே கூடினவோ அங்கே தாய்ப்பாலும் கூடியது.

இப்போது மூன்றாம் மாதத்துக்குப் பின் வரும் விலகலுக்குத் திரும்புகிறேன். 2015ஆம் ஆண்டுக் கணக்கில், மூன்று மாதத்தில் கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளையினத் தாய்மாரில் நூற்றுக்கு 85 பேர் ஆறு மாதம் எட்டினார்கள். கறுப்பினத் தாய்மாரில் 77 பேர். இதற்கு மகப்பேற்றுப் பிரிவைக் குறை சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவில் நாடு தழுவிய ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் ஊதியமின்றி, அதுவும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்களில் ஓராண்டாவது வேலை செய்தவர்களுக்கு. ஊதியமில்லாத விடுப்பை எடுக்கக்கூட வசதி வேண்டும். கறுப்பினப் பெண்களில் பலர் அதற்கு முன்பே மணிக்கூலி வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேலையிடத்தில் பாலை எடுத்துவைக்க இடைவேளையும் மறைவிடமும் தரும் உரிமை 2010இல் சிலருக்குக் கிடைத்தது; 2022 இறுதியில் வந்த சட்டம்தான் அதை மேலும் பல தொழில்களுக்கு நீட்டியது. அதோடு கறுப்பினத் தாய்மாரிடையே குறைப்பிரசவம் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருக்கிறது, வெள்ளையினத்தில் ஒன்பது. அறுவை சிகிச்சைப் பிரசவமும் கூடுதல். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க, தாய் வீட்டிலிருந்து பம்ப் வைத்து எடுத்து எடுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தால், தோலோடு தோல் என்ற அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும்?

இது எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு ஒரே ஓர் எண் சொல்கிறேன்: 2022இல் அமெரிக்காவில் ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகள், ஆயிரம் பிறப்புக்கு வெள்ளையினத்தில் 4.5, கறுப்பினத்தில் 10.9. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தூக்கத்தில் திடீரென நேரும் மரணத்தையும், குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயையும் தாய்ப்பால் குறைக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. இவ்விரண்டும் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளையே அதிகம் தாக்குகின்றன.

கறுப்பினப் பெண்கள் இதற்காகக் காத்துக் கிடக்கவும் இல்லை. அட்லாண்டாவில் 2011இல் தொடங்கிய “ரோஸ்” அமைப்பு, கறுப்பினப் பெண்களையே பயிற்றுவித்து அவர்கள் சமூகத்துக்குள் துணையாக அனுப்புகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தைக் கறுப்பினத் தாய்ப்பால் வாரமாகக் கிம்பர்லி சீல்ஸ் ஆலர்ஸ், கிடாடா கிரீன், அனயா சாங்கொடெலே அயோக்கா ஆகிய மூவர் 2013இல் தொடங்கி வைத்தார்கள். மருத்துவமனை எழுதித் தர வேண்டிய அந்தத் தொலைபேசி எண், இத்தகைய குழு ஒன்றினுடையதாக இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பத்துப் படிகளைக் கட்டளையாக்கி, மறுக்கும் தாயைக் குற்றவாளியைப் போல நடத்துவது அதே அலட்சியத்தின் மறுபக்கம். கறுப்பினப் பெண்கள் மருத்துவமனைகளில் தங்கள் சொல் கேட்கப்படுவதில்லை என்று ஏற்கெனவே புண்பட்டிருப்பவர்கள். களைத்துறங்கும் தாயின் மார்பில் குழந்தையைக் கவனிப்பாரின்றி விட்டுவிடுவதும் ஆபத்து. மூக்கு அடைபடாமல், நிறம் மாறாமல் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடை பத்து சதவீதத்தை நெருங்கிக் குறைந்தாலோ, சர்க்கரை அளவு தாழ்ந்தாலோ, குழந்தைக்குக் கூடுதல் பால் தேவைதான். அப்போதும் முதலில் தாயின் பாலைக் கையால் பிழிந்து கரண்டியில் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதும், முடியாவிட்டால் தேவையான சில மில்லிலிட்டரை மட்டும் கொடுப்பதும் சரி.

ஆகவே உங்கள் மகள் தன் பணிநேரத்தில் செய்யக் கூடியவை இருக்கின்றன. தாய் சேர்க்கப்படும்போதே, அவள் தோலைப் பார்த்து ஊகிக்காமல், “குழந்தைக்கு எப்படிப் பால் கொடுக்க நினைத்திருக்கிறீர்கள்?” என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே பதிவேட்டில் எழுதட்டும். இரண்டாம் இரவு எப்படி இருக்கும் என்பதை முதல் நாள் பகலிலேயே, அவளுடைய தாயோ கணவரோ அருகில் இருக்கும்போது, சொல்லிவைக்கட்டும். முன்பே கேட்ட அழுகை யாரையும் அவ்வளவு அச்சுறுத்துவதில்லை. புட்டி கேட்டால் மறுக்க வேண்டாம். ஒரு பால் கொடுக்கும் நேரம் அருகில் இருந்து பார்க்கட்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, விழுங்கும் ஒலி கேட்கிறதா என்று. அதன் பிறகும் அவள் வேண்டும் என்றால் கொடுத்துவிட்டு, காரணத்தை எழுதிவைக்கட்டும். இழுப்பறையில் நிரந்தரமாகக் கிடக்கும் புட்டிகளை மருந்துகளைப் போலப் பூட்டிய அலமாரிக்கு மாற்றிய மருத்துவமனைகள் உண்டு. அதை அவள் மட்டும் செய்துவிட முடியாது, மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்: தங்கள் பிரிவில் முதல் மணி நேரத்தில் பால் கொடுத்தவர்கள், பால்மாவு பெற்றவர்கள் என்ற கணக்கை இன வாரியாகப் பிரித்து எழுதுகிறார்களா, கடைசியாக அதை யார், எந்த மாதத்தில் எடுத்துப் பார்த்தார்கள் என்று.